உப்பு வரும் மூன்று வழிகள்

வால்டாக்ஸ் சாலையில் யானைக்கவுனியைக் கடந்து போகிறவர்களுக்கு 'சால்ட் கொட்டார்ஸ்' என்ற பெயர் பழக்கமானது. இன்று அது ரயில்வேயின் சரக்கு முனையம். பெயர் சொல்வதுபோல, ஒரு காலத்தில் அது உப்புக் கிடங்குகள் இருந்த இடம். 1806-ல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஓர் உப்புநீர்க் கால்வாய் வெட்டினார். பின்னாளில் அதுவே நீண்டு பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. வடக்கே உள்ள உப்பளங்களின் உப்பும், சவுக்கு விறகும் படகேறி நகரத்துக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

இன்று யானைக்கவுனிக்குப் படகில் உப்பு வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் குழாயில் வருகிறது. மொட்டைமாடியில் வைத்த தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ள இந்தத் தெருக்களில் யாரும் தங்கள் வீட்டுத் தோட்டத்தைக் கடலோரத் தோட்டம் என்று நினைப்பதில்லை. ரோஜா வாங்கி வைக்கிறார்கள். இலை நுனி கருகுகிறது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறார்கள். கருகல் கூடுகிறது.

கடலோரத் தோட்டத்துக்கு என்ன செடி வைக்கலாம் என்று கேட்டால் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுவது வழக்கம். அந்தப் பட்டியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதிச் செடிகள் சாகும். காரணம், செடியிடம் உப்பு மூன்று வழிகளில் வருகிறது: காற்றில், பாய்ச்சும் நீரில், ஓதத்தில். ஒரு வழியாக வரும் உப்பைத் தாங்கும் செடி இன்னொரு வழியாக வருவதைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. கடற்காற்றைப் பொருட்படுத்தாத புன்னை, நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும் சேற்றில் நிற்காது. காசிமேட்டு வீட்டுக்கு ஏற்ற செடியும், யானைக்கவுனி மாடிக்கு ஏற்ற செடியும், எண்ணூர் ஆற்றங்கரைக்கு ஏற்ற செடியும் வேறு வேறு. மூன்றும் ஒரே வடசென்னைக்குள் இருந்தாலும்.

முதலில் உப்பு செடியை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மண்ணில் உள்ள உப்பை வேளாண் விஞ்ஞானிகள் மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். அலகு, மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்பது. மண்சாற்றில் அது 4-ஐத் தாண்டினால் உவர் நிலம். கடல்நீருக்கு 50 அளவில் வரும். 1977-ல் மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், எந்தப் பயிர் எந்த அளவு வரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று தொகுத்து வெளியிட்டார்கள். பீன்ஸுக்கு 1. வெங்காயத்துக்கு 1.2. தக்காளிக்கு 2.5. பருத்திக்கு 7.7. பார்லிக்கு 8. நம் சமையலறைக் காய்கறிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலின் கீழ்ப்படியிலேயே இருக்கின்றன.

கேடு இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வேர் தண்ணீரை இழுப்பதற்கு வேருக்குள் இருக்கும் சாறு மண்நீரைவிடச் செறிவாக இருக்க வேண்டும். மண்ணில் உப்பு ஏறினால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் வாடுகிறது. இரண்டாவது கட்டம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது. சோடியம் மெல்ல இலைக்குள் சேர்கிறது. உயிரணுவுக்கு வேண்டியது பொட்டாசியம். அதற்கும் சோடியத்துக்கும் உருவொற்றுமை அதிகம். பொட்டாசியம் உட்கார வேண்டிய இடத்தில் சோடியம் போய் உட்கார, நொதிகள் வேலையை நிறுத்துகின்றன. நெடுநாளாக நீராவியை வெளியேற்றிக்கொண்டிருக்கும் முதிர்ந்த இலைகளில்தான் சோடியம் அதிகம் தங்கும். எனவே அவை முதலில் நுனியும் விளிம்பும் கருகி உதிர்கின்றன.

இதைச் சமாளிக்கச் செடிகள் கண்ட வழிகளில் முக்கியமானவை மூன்று. வேரிலேயே உப்பைத் தடுத்து நிறுத்துவது ஒன்று. உள்ளே வந்த உப்பை உயிரணுவின் நடுவில் இருக்கும் நீர்ப்பைக்குள் பூட்டிவைப்பது இரண்டாவது. உமரி என்ற உவர்நிலச் செடியின் இலை சாறேறித் தடித்திருப்பதும், கடித்தால் கரிப்பதும் இதனால்தான். மூன்றாவது, இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியே தள்ளுவது. எண்ணூர்க் கழிமுகத்தில் நிற்கும் வெண்கண்டல் முதல் வழியையும் மூன்றாவது வழியையும் சேர்த்துக் கையாள்கிறது. கடல்நீரின் உப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வேரிலேயே தடுத்துவிடும். தப்பி உள்ளே வந்ததை இலை கக்கிவிடும். வெயில் ஏறிய பிறகு அதன் இலையை விரலால் தடவினால் உப்புத் துகள் ஒட்டும்.

இந்த மரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காட்டுப்பள்ளியில் உள்ள கடல்நீர்க் குடிநீராக்கும் ஆலையும் நினைவுக்கு வருகிறது. 2010-ல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறன் உள்ளது. கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் 25 வளிமண்டலம் அளவில் இருக்கிறது. அதை வென்றால்தான் உப்பைப் பிரித்து நன்னீரை எடுக்க முடியும். ஆலை அதற்கு மின்சாரத்தால் ஓடும் பெரிய பம்புகளை வைத்திருக்கிறது. கண்டல் மரம் வெயிலை மட்டும் வைத்து அதே வேலையைச் செய்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது தண்டில் உள்ள நீர்த்தாரை மேல்நோக்கி இழுபடுகிறது. அந்த இழுவிசையை 1965-ல் ஷோலாண்டர் என்ற உடலியலாளர் தம் குழுவினரோடு ஓர் எளிய அழுத்தக் கலத்தைக் கொண்டு அளந்தார். அலையாத்தி மரங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. காட்டுப்பள்ளிக் கரையில் நன்னீர் ஆலைகள் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றுக்கு மின்கட்டணம் உண்டு.

உப்பைத் தாங்கும் செடிக்கும் செலவு உண்டு. நீர்ப்பைக்குள் உப்பைப் பூட்ட ஆற்றல் வேண்டும். அந்தப் பைக்கு வெளியே இருக்கும் உயிர்ச்சாற்றைச் சமநிலையில் வைக்க புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற பொருள்களை உண்டாக்க வேண்டும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சர்க்கரையும் நைட்ரஜனும் இதில் கரைகின்றன. கடலோரச் செடி மெதுவாக வளர்ந்தால் அதைக் குறை சொல்லக் கூடாது. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு, வெண்கண்டலிலிருந்து மரபணுக்களைப் பிரித்து நெல்லில் சேர்த்துப் பார்த்தது. அதில் ஒரு மரபணுவைப் பெற்ற நெல், உப்பைக் கூடுதலாகத் தாங்கியதை 2008-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நெல்லுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுந்த ஆசிரியர் எண்ணூர்ச் சேற்றிலும் நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி முதல் வழி, காற்று.

அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடித்து நுண்துளிகள் மேலே எழும்புகின்றன. காற்று அவற்றை ஏந்திக்கொண்டு கரைக்கு வருகிறது. பெருந்துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். அதனால் உப்புக்காற்றின் கடுமை கரையை விட்டு விலக விலக வேகமாகக் குறையும். இடையில் மணல்மேடும் அதன்மேல் தாவரமும் இருந்தால் இன்னும் குறையும்.

வடசென்னையில் அந்த மணல்மேடுதான் போய்விட்டது. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை கரைந்தது. மெரினாவில் காற்று வாங்கும் நகரம், அந்த மணல் யாருடைய முற்றத்திலிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. இன்று வடகரையின் நீளத்துக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மணலில் ஏறி ஓய வேண்டிய அலை கல்லில் மோதித் தெறிக்கிறது. தெறித்தது நேராக வீட்டுச் சுவரிலும் செடியிலும் படிகிறது.

மணல்மேடு இருந்த காலத்தில் முன்வரிசையில் நின்றவை அடும்பும் ராவணன் மீசையும். அடும்பு மணலில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று மேலே மணலைக் கொட்டினால் அதற்குமேல் தலைநீட்டி மறுபடி படரும். கடலில் மிதந்து ஊர்விட்டு ஊர் போகும் விதை அதனுடையது. ராவணன் மீசை ஊசி இலைகொண்ட முரட்டுப் புல். இரண்டும் சேர்ந்து மணலைப் பிடித்து மேடாக்கும். அந்த மேட்டின் மறைவில் புதர்கள், அதற்கும் பின்னால் மரங்கள். நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் அடும்பு, தாழை, ஞாழல், புன்னை என்று கரையைத் தாவரங்களாலேயே அடையாளம் சொன்னார்கள். அடும்பு மணலிலும் புன்னை சற்று உள்ளேயுமாக இருப்பதை நீங்கள் இன்றும் ஆளரவம் குறைந்த கரையில் பார்க்கலாம்.

கடலோரக் கோயில்களின் தலமரங்களையும் பாருங்கள். மயிலாப்பூருக்குப் புன்னை. திருவொற்றியூருக்கு மகிழம். சிதம்பரத்துக்குத் தில்லை, அது பிச்சாவரத்துச் சதுப்பில் வளரும் அலையாத்தி வகை மரமேதான். அந்தந்த மண்ணில் பிழைத்த மரமே அந்தந்த ஊரில் வணங்கப்பட்டது. புன்னை இலையும் மகிழ இலையும் தோல்போலத் தடித்து, மேலே மெழுகுப் பளபளப்போடு இருப்பதைக் கவனித்தால் அவை கடற்காற்றை எப்படித் தாங்குகின்றன என்பது புரியும். உப்புத்துளி இலைக்குள் இறங்க வழி குறைவு. மழை வந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

காற்றுவழி உப்பில் மழைக்கு இருக்கும் பங்கு மிகப் பெரியது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலிலிருந்தே வருகிறது, வேகமாகவும் வருகிறது. ஆனால் கூடவே வரும் மழை இலையைக் கழுவிவிடுகிறது. கோடையின் பிற்பகல் கடற்காற்று அதைவிட மென்மையானது. கழுவ மழை இல்லாததால் நாள்மேல் நாளாக உப்பு இலையிலேயே தங்கிக் கருக்குகிறது. காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் குப்பங்களிலோ கடலைப் பார்த்த வாசலில் செடி வைத்திருப்பவர்கள், கோடையில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவினாலே பாதித் தொல்லை தீரும்.

அங்கே வேலிக்கு நான் முதலில் சொல்வது சங்கங்குப்பி. வெட்ட வெட்ட அடர்ந்து வரும், வெள்ளைப் பூ பூக்கும், உப்புக்காற்று அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த வேலியின் மறைவில் பூவரசு, நாட்டுவாதுமை, சப்போட்டா எல்லாம் வரும். இடம் இருந்தால் தாழை. கிளை ஒடித்து நட்டாலே பூவரசு பிழைத்துக்கொள்ளும் என்பதால் காசு செலவும் இல்லை. மாமரத்தைக் கரையோரத்தில் வைக்க வேண்டாம்; இலை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். அரளி நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சின்னக் குழந்தைகள் விளையாடும் வாசலுக்கு வேண்டாம்.

சவுக்கைப் பற்றிக் கேட்பார்கள். உப்புக்காற்றில் அதற்கு நிகரான மரம் குறைவு. மணலில் நைட்ரஜன் இல்லாத குறையையும் வேரில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரின் துணையோடு தீர்த்துக்கொள்ளும். ஆனால் அது உதிர்க்கும் ஊசிச்சருகு மெத்தைபோல மூடி, கீழே அடும்பை வளரவிடாது. ஆமை முட்டையிட வரும் திறந்த மணலில் சவுக்கை நடுவது தவறு. ஊருக்கும் மணலுக்கும் நடுவே, மேட்டுக்குப் பின்னால் நடலாம்.

இரண்டாவது வழியான நீர், வடசென்னையில் அதிகம் பேரைத் தொடுவது. யானைக்கவுனிக்குப் பக்கத்திலேயே அதன் வரலாறு கிடக்கிறது. ஏழுகிணறு. 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி தோண்டப்பட்ட அந்தக் கிணறுகளின் நல்ல தண்ணீர்தான் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போயிற்று. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி? மணலில் இறங்கிய மழைநீர், எடை கூடிய உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே அந்த மிதப்பைக் கணக்கிட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பைத் தள்ளிவைக்கும். இதைத் திருப்பிப் படித்தால் நம் நிலைமை தெரியும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் குறைத்தால், நாளடைவில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும்.

மீஞ்சூர்ப் பக்கம் நடந்ததும் இதுதான். நகரத்துக்கும் ஆலைகளுக்குமாக அங்கே நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இறைப்பதைக் கட்டுப்படுத்த 1987-ல் தனிச் சட்டமே வந்தது. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. மாடித்தோட்டக்காரர்கள் அந்தச் சட்டத்தைத் தங்கள் செடிகளுக்காக வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் குழாய் நீர் 2 டெசிசீமென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு தொட்டிக்கு நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், ஆண்டுக்கு 450 கிராமுக்கு மேல். செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியைத் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது. பத்துக் கிலோ மண்ணில் ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. அதில் ரோஜா எப்படி நிற்கும்?

அந்த உப்பைத் தொட்டியை விட்டு வெளியேற்ற வேண்டும். அடியில் துளை பெரிதாக இருக்கட்டும். வடிந்த நீரை மீண்டும் மண் உறிஞ்சாதபடி அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் அடியில் வடியும் வரை ஊற்றுவது நல்லது. மாதம் ஒருமுறை சேமித்த மழைநீரையோ மெட்ரோ தண்ணீரையோ தாராளமாக ஊற்றி அலசுங்கள். மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் ஒதுக்காதீர்கள். வாய் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தொட்டியில், வடகிழக்குப் பருவத்தில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 56 லிட்டர் நன்னீர் இலவசமாக உள்ளே இறங்கிப் போகும். துணி துவைத்த நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். சோப்புத்தூளின் சோடியம் மண்துகள்களின் பிடிப்பைக் குலைத்து, களர்நிலம்போல நீர் இறங்காதபடி இறுக்கிவிடும். மண் அப்படி இறுகியிருந்தால், அதாவது களிமண் கலந்த மண்ணாக இருந்தால், ஜிப்சம் உதவும். அதில் உள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்துவிடும். பெயர்ந்ததை நல்ல நீரால் வடித்துவிட வேண்டும். மணற்பாங்கான தொட்டி மண்ணுக்கு ஜிப்சம் தேவையில்லை.

இந்த நீரில் காகிதப்பூ, நித்தியகல்யாணி, சோற்றுக்கற்றாழை, பருப்புக்கீரை, பீட்ரூட் எல்லாம் குறையில்லாமல் வரும். பருப்புக்கீரை உவர்மண்ணில் தானாகவே முளைப்பது. எலுமிச்சை, பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம், ரோஜா ஆகியவை உப்பைக் கண்டால் சுணங்குபவை. எலுமிச்சை ஒன்று வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் வைக்கலாம். அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்று முடிவுசெய்துகொண்டு வையுங்கள்.

உங்கள் செடிக்கு எந்த வழியாக உப்பு வருகிறது என்பதை இலையே காட்டும். செடியின் எல்லாப் பக்கத்திலும், அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகினால் வேர்வழி உப்பு. கடல் பார்த்த பக்கம் மட்டும் இளசு, முதிர்ந்தது என்ற பேதமில்லாமல் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் காற்றுவழி உப்பு. முதலாவதுக்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டாவதுக்கு வேலி போட வேண்டும்.

மூன்றாவது வழி ஓதம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூரில் இதைப் பார்க்கலாம். இங்கே உப்போடு இன்னொரு இடரும் சேர்கிறது: நீர் தேங்கிய சேற்றில் வேருக்குக் காற்று இல்லை. வெண்கண்டல் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை நீட்டுவது அதனால்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் இந்த ஆற்றில் கலந்தபோது, எண்ணெய் படிந்தது அந்த மூச்சுவேர்களின்மேல்தான். உப்பைத் தாங்குவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பழகிய மரம் எண்ணெயைத் தாங்கப் பழகியதில்லை. ஆற்றங்கரை ஊர்களில் பள்ளிக்கூடமோ மன்றமோ கரையோரம் ஏதாவது நட விரும்பினால், ஓதம் தினமும் தொடும் வரம்பில் வெண்கண்டல், அதற்கு மேலே எப்போதாவது தொடும் இடத்தில் உமரியும் வங்காரவள்ளையும், அதற்கும் மேலே நீர்ப்பருத்தி, பூவரசு, புங்கை என்று படிப்படியாக நடலாம். ஒரு முழம் உயர வித்தியாசத்தில் பொருத்தமான செடி மாறிவிடும் இடம் இது.

உப்பைத் தாங்குகிறது என்ற ஒரு தகுதியை மட்டும் பார்த்து எதையும் நட்டுவிடக் கூடாது. சீமைக்கருவேலம் உப்பை அபாரமாகத் தாங்கும். 1877-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்ட அந்த அமெரிக்க மரம், இன்று ஏரி, குளம், உப்பளம் என்று எங்கும் பரவி, வேறெதையும் வளரவிடாமல் நிற்கிறது.

நடும் பருவம்தான் பலரும் தவறவிடுவது. முதிர்ந்த செடி தாங்கும் உப்பை அதன் நாற்று தாங்காது. உப்பில் வாழ்வதற்கென்றே பிறந்த உமரியின் விதைகூட, மழை பெய்து மண்ணின் உப்பு இறங்கிய பிறகு நன்றாக முளைக்கும். கோடையில் மரம் நடும் விழா நடத்தி, லாரித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப் பார்ப்பது வீண். ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து முடிந்ததும் நடுங்கள். நாற்றங்காலில் நல்ல தண்ணீரிலேயே வளர்ந்த கன்றாக இருந்தால், நடுவதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் ஊற்றும் நீரோடு உங்கள் ஊர்க் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து பழக்குங்கள். கடல் பார்த்த பக்கத்தில் ஒரு பழைய மீன்வலையை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். மாசிக்குள் வேர் ஆழம் போய்விடும். பங்குனியில் கடற்காற்று திரும்பும்போது கன்றுக்கு அந்த ஆழம் வேண்டும்.